பெருக்கலும் வகுத்தலும்: பானை, கோளாம்பி, வரவேற்பறை

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகம், லட்சுமி வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் மையமாகக் கொண்ட பழைய குடியிருப்பு. ஓடு வேய்ந்து, மர மச்சு வைத்து, சன்னல்கள் பல கொண்டு எழுந்த வீடுகள் நகரின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் காங்கிரீட் கட்டடங்களுக்கு இடம் கொடுத்து வருகின்றன. புதிய வரவேற்பறைகளில் பளபளப்பான ஓட்டுத்தரை, பெரிய திரை, அதைச் சூழ ஐந்தோ ஏழோ ஒலிபெருக்கிகள், மூலையில் தாழ்சுருதிக்கென ஒரு பெட்டி. சில இலட்சம் ரூபாய் செலவிட்ட பின்னரும் வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்ற குறை இத்தகைய அறைகளில் பொதுவானது. அப்போது ஒலி அளவைக் கூட்டுகிறார்கள். குறை மேலும் பெருகுகிறது.

இந்தக் குறையின் வேர் கருவியில் மட்டும் இல்லை. கருவிக்கு இட்ட பெயரிலும் இருக்கிறது. 'ஒலிபெருக்கி' என்ற தமிழ்ச் சொல் பெருக்குதலையே கருவியின் தொழிலாக அறிவிக்கிறது. மலையாளத்தின் 'உச்சபாஷிணி' உரக்கப் பேசுவதை அதன் இயல்பாக்குகிறது. ஒலி எங்கே செல்கிறது, எதில் மோதித் திரும்புகிறது, யாரை அடைகிறது என்பதை இரு சொற்களும் சொல்வதில்லை. ஆனால் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள கோட்டை வளாகத்தின் கேட்டல் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே ஒலியைப் பெருக்குவது ஒருபோதும் முழுச் சிக்கலாக இருந்ததில்லை. அதை வகுத்துக் கொடுப்பதே சிக்கலாக இருந்தது. இவ்வரலாற்றை மூன்று பொருள்களின் வழியே பின்தொடரலாம்: பானை, கோளாம்பி, வரவேற்பறை.

1. பானை

பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய அரண்மனை வளாகத்தில் நவராத்திரி மண்டபம் உள்ளது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி நவராத்திரிக்காக இங்கே எழுந்தருளுகிறாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன்வருகின்றனர். அந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது மரபு வழிச் செய்தி. ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாக விரித்துப் பாடப்படுகின்றன. பாடுபவர் தேவியின் முன்னிலையில் பாடுகிறார், கேட்போர் தரையில் அமர்கின்றனர், கைதட்டல் கிடையாது.

அம்மண்டபத்தின் மேற்கூரையில் மண்பானைகள் வரிசையாகக் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டுள்ளன. இசையின் பொருட்டு அமைந்த ஏற்பாடு இது. சுற்றுலா எழுத்துகளில் இவற்றைப் 'பண்டைய ஒலிபெருக்கிகள்' என்று வருணிப்பது வழக்கமாகிவிட்டது. பெருமித உணர்வோடு சொல்லப்படும் இந்த வருணனை இயற்பியல் நோக்கில் பிழையானது. தன்னிடம் ஆற்றல் மூலம் எதுவும் இல்லாத பானை, தன்மேல் விழுந்த ஒலியைவிட அதிகமான ஒலியைத் திருப்பித் தர இயலாது.

பானை செய்வது நுட்பமான வேறொரு வேலை. அதன் வாயில் உள்ள காற்று ஒரு சிறு எடையைப் போலவும், வயிற்றில் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போலவும் இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் மிகுதியாக அதிர்கின்றன. 10 லிட்டர் கொள்ளளவும் 12 சென்டிமீட்டர் வாயகலமும் குட்டையான கழுத்தும் உடைய ஒரு பானையை எடுத்துக்கொண்டால், கணக்கின்படி அந்த அதிர்வெண் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ் வரும். ஆண்குரலின் ஆதார ஷட்ஜத்தை ஒட்டிய பகுதி இது. அந்த அதிர்வெண்ணுக்கருகில் பானை ஒலியின் ஒரு பங்கை விழுங்குகிறது. மறு பங்கைத் தன் வாயிலிருந்து பல திசைகளிலும் மெல்லச் சிதறவிடுகிறது. பல அளவுப் பானைகள் இருந்தால் பல அதிர்வெண்களில் இது நிகழும். பானைகளின் வளைந்த புறப்பரப்பும் சேர்ந்து, தட்டையான கூரையிலிருந்து எதிரொலி ஒரே திசையில் திரும்புவதைக் குலைக்கிறது. சுருங்கச் சொன்னால், பானை ஒலியை வகுக்கிறது.

இந்த உத்தி ஒரு நிலத்துக்கு மட்டும் உரியதன்று. உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், அரங்குகளின் இருக்கைகளுக்கிடையே வெண்கலக் கலங்களைச் சுர இடைவெளிக் கணக்கின்படி வைப்பதைத் தம் நூலின் 5ஆம் புத்தகத்தில் விவரித்தார். இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்கள் பலவற்றின் சுவர்களில் மண்கலங்கள் புதைக்கப்பட்டன. பிரான்சின் மெட்ஸ் நகரில் 1432இல் துறவியர் மடம் ஒன்று தன் தேவாலயத்தில் பானைகளைப் பதித்தது. அதைப் பதிவு செய்த மடத்துக் குறிப்பாளர், சுவர்கள் சேதமுற்றதையும், முன்னைவிடப் பாட்டு நன்றாகிவிட்டதா என்பதில் தமக்கிருந்த ஐயத்தையும் சேர்த்தே எழுதினார். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, இத்தகைய கலங்கள் அவர் பெயராலேயே ஒத்ததிர்விகள் என அறியப்படுகின்றன.

தமிழ், சமஸ்கிருத மரபுகள் இதே சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகின. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்குக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுக்கிறது. நாட்டிய சாத்திரம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கைப் பரிந்துரைக்கிறது. அதைவிடப் பெரிய அரங்கில் பேச்சு தெளிவிழக்கும் என்பது அது கூறும் காரணம். குரலை உயர்த்தச் சொல்லாமல் அரங்கை அடக்கச் சொன்னது இம்மரபு. நவராத்திரி மண்டபத்தின் ஒலி நலத்தைப் பானைகளுக்கு மட்டுமே உரித்தாக்குவதும் அதனால் பொருந்தாது. அடக்கமான அளவு, தரையில் நெருங்கி அமர்ந்த உடல்கள், கைதட்டலும் பேச்சும் அற்ற அமைதி ஆகிய அனைத்தும் அந்த ஒலிச்சூழலின் உறுப்புகள். பின்னணி இரைச்சல் குறையும் அளவுக்கு மெல்லிய கமகமும் செவிக்கு எட்டும்.

ஆனால் அடக்கமான அரங்கு என்பது வரம்பிட்ட அரங்கும் ஆகும். ஒலியை மண்டபம் எவ்வளவு நுட்பமாக வகுத்ததோ, அவ்வளவு கறாராக மனிதர்களையும் வகுத்தது. பல தலைமுறைகளாக அந்தத் தேவியின் முன்னே, அதுவும் கலைமகளின் முன்னே, பெண் குரலுக்கு இடமில்லை. சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவியும், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராக இருந்தவருமான பாறசாலை பொன்னம்மாள், எண்பதைக் கடந்த வயதில், 2006ஆம் ஆண்டு நவராத்திரியில் அங்கே பாடியபோதுதான் அந்த வழக்கம் முறிந்தது. பெண்குரலின் ஆதார சுருதி பெரும்பாலும் 160 ஹெர்ட்ஸுக்கு மேலேயே அமையும். அம்மண்டபம் அதற்குமுன் தன் கச்சேரி மேடையில் ஏந்தியிராத சுருதி அது. ஒலியியல் வரலாறும் சமூக வரலாறும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக நிற்கும் இடம் இது.

2. கோளாம்பி

மின் ஒலிபெருக்கியின் கதை 1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் நிகழ்த்திக் காட்டிய கொம்பு வடிவக் கருவியோடு பொதுவெளிக்கு வந்தது. 1925இல் செஸ்டர் ரைசும் எட்வர்ட் கெல்லாகும் விவரித்த இயங்குசுருள் கூம்பு, இன்றைய வீட்டு ஒலிபெருக்கிகளின் நேர் முன்னோடி. இவ்விரண்டில் கேரளத்துத் தெருக்களையும் திருவிழாக்களையும் வென்றது கொம்பே. அதன் விரிந்த வாயைக் கண்டு மலையாளம் அதற்குக் 'கோளாம்பி' என்று பெயரிட்டது. தமிழில் காளாஞ்சி அல்லது படிக்கம் எனப்படும் எச்சிற்கலத்துக்கும், மஞ்சள் நிறப் பூ ஒன்றுக்கும் உரிய பெயர் அது. தமிழ்நாட்டில் அதே பொருள் 'குழாய்' ஆனது. முழுத் தொகுதியும் 'மைக் செட்' ஆனது. அறிஞர் ஆக்கிய 'ஒலிபெருக்கி', 'உச்சபாஷிணி' என்ற சொற்கள் தொழிலைச் சொல்ல, மக்கள் ஆக்கிய சொற்கள் வடிவத்தைச் சொல்கின்றன. உச்சபாஷிணி இலக்கணப்படி பெண்பால் வடிவம் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. கருவிப் பெயர்களை அவ்வாறு ஆக்குவது மரபே. எனினும் பெண்ணுக்கு மண்டபத்தில் இடமில்லாத காலத்தில், வெளியே உரக்கப் பேசிய பொறிக்குப் பெண்பாற் பெயர் வாய்த்திருந்தது.

கொம்பின் வலிமையும் வகுத்தலில்தான் இருக்கிறது. ஒரு வாட் மின்திறனுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், நல்ல கொம்பு ஏறத்தாழ 105 டெசிபல் தரும். வீட்டுக் கூம்பு ஒலிபெருக்கி 85 முதல் 90 டெசிபல் வரையே தரும். 20 டெசிபல் வேறுபாடு என்பது 100 மடங்கு திறனுக்குச் சமம். கொம்பு இந்த ஆற்றலைப் புதிதாகப் படைப்பதில்லை. சிறு தகட்டின் அதிர்வை வெளிக்காற்றோடு சிறப்பாக இணைக்கிறது. எல்லாத் திசைகளிலும் சிதறக்கூடியதை ஒரு திசையில் திரட்டுகிறது. அதற்கு ஈடாகத் தாழ்சுருதியையும் உச்ச சுருதியையும் கைவிடுகிறது. குழாய் ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற்போவதும் குரல் மூக்கால் பாடுவதுபோல் ஒலிப்பதும் இதனாலேயே.

சுவரும் கூரையும் அற்ற இந்த ஒலி, மண்டபம் விலக்கியவர்களையும் சென்றடைந்தது. கோயிலுக்குள் நுழைய இயலாதவரும், சமையற்கட்டை விட்டு வெளிவர இயலாதவரும், கட்டணம் செலுத்த வழியற்றவரும் கேட்டனர். ஆனால் கேட்க விரும்பாதவருக்கும், நோயுற்றவருக்கும், தேர்வுக்குப் படிப்பவருக்கும் அதே ஒலி விலக்கின்றிப் போய்ச் சேர்ந்தது. மண்டபம் கேட்கும் உரிமையை மறுத்தது என்றால், கோளாம்பி கேளாதிருக்கும் உரிமையை மறுத்தது.

இந்த இரண்டாம் உரிமைக்கு இந்தியச் சட்டம் எண் வடிவம் கொடுத்தது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைத்தன. 2005 சூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இரவு 10 முதல் காலை 6 வரை பொது ஒலிபெருக்கிகளுக்குத் தடையை உறுதிசெய்தது. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத மற்றொரு கூறும் உண்டு: தனியார் வீட்டு ஒலிக்கருவியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்குரிய வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. சட்டத்தின் பார்வையில் வரவேற்பறையும் அவ்வாறு பொதுவெளியின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

நவராத்திரி மண்டபத்துக்கு மிக அருகில், குதிரமாளிகையின் முற்றத்தில், ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் சுவாதி இசைவிழா நடைபெறுகிறது. திறந்தவெளி, மின் ஒலிபெருக்கி, எவரும் கட்டணமின்றி வந்து அமரலாம். அதே வாக்கேயக்காரரின் கீர்த்தனைகள், அதே அரண்மனை வளாகம், முற்றிலும் வேறான கேட்டல் ஒழுங்கு. பானையும் மின் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று வரலாற்றிலிருந்து அகற்றிவிடவில்லை, அருகருகே வாழ்கின்றன.

3. வரவேற்பறை

மூன்றாவது ஒழுங்கு வீட்டுக்குள் நுழைந்த திரையரங்கு. இங்கே கருவி மின்யுகத்தினது. அறையோ பானையின் சிக்கலை மீண்டும் எழுப்புகிறது.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு புரியவில்லை என்ற முறையீடு இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் வந்தது. அங்கே ஒரு சொல் ஒலித்து அடங்க ஐந்து வினாடிக்கு மேல் பிடித்தது. அருகிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து அடுக்கி அளந்து, அவர் ஒரு வாய்பாட்டை வந்தடைந்தார்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு இவ்வறிவின் துணையோடு எழுந்தது. உறிஞ்சு பரப்புக்குச் சபைன் கொண்ட அலகு பெரும் கருவி எதுவுமன்று. ஒரு திறந்த சன்னல். அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை.

இவ்வாய்பாட்டை ஒரு காங்கிரீட் வரவேற்பறையில் பொருத்திப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் எனில் கன அளவு 60 கன மீட்டர். உட்பரப்பு 94 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் ஓட்டுத்தரையும் ஒலியில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையே உறிஞ்சுகின்றன எனக் கொண்டால், வெற்றறையின் எதிர்முழக்க நேரம் 3.4 வினாடி. தெளிவான வசனத்துக்கு ஏற்ற 0.4 வினாடியை எட்ட, 24 சதுர மீட்டர் அளவுக்கு முழுமையான உறிஞ்சு பரப்பு தேவை. மெத்தை இருக்கை, தடித்த திரைச்சீலை, கம்பளம், புத்தக அடுக்கு, நார்ப்பலகை ஆகியன அந்தப் பங்கைச் சேர்ந்து ஈட்ட வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் மச்சும், திறந்த சன்னல்களும், நடுமுற்றமும் இப்பணியில் பெரும்பகுதியை எவரும் கேளாமலே செய்துவந்தன. குளிரூட்டிக்காக அடைத்த அறை அந்தப் பணியாளரை நீக்கிவிட்டது.

வசனம் முதலில் பாதிக்கப்படுவதற்கு மொழியியல் காரணமும் உண்டு. உயிரொலிகள் நீண்டவை, வலியவை. மெய்யொலிகள் குறுகியவை, மெலிந்தவை. ல, ள, ழ போன்றவற்றை வேறுபடுத்தும் குறிப்புகள் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள மெல்லிய ஆற்றலில் தங்கியுள்ளன. வினாடிக்கு நான்கைந்து அசைகள் ஓடும் பேச்சில், முந்தைய உயிரின் முழக்கம் அடங்குமுன் அடுத்த மெய் வந்து அதனுள் மூழ்குகிறது. ஒலியைக் கூட்டினால் மெய்யும் கூடும், அதை மூழ்கடிக்கும் முழக்கமும் அதே அளவு கூடும். விகிதம் மாறாது. பெருக்கல் தோற்கும் இடம் இது.

தாழ்சுருதியில் சிக்கல் வேறு வகையானது. மேற்சொன்ன அறையின் நீளம் 35 ஹெர்ட்ஸையும், அகலம் 43 ஹெர்ட்ஸையும், உயரம் 58 ஹெர்ட்ஸையும் ஒட்டிய நிலையலைகளை எழுப்பும். அந்த அதிர்வெண்களில் ஓர் இருக்கையில் மேசை அதிரும். வேறோர் இருக்கையில் ஒலி மிகவும் குறைந்துபோகும். தாழ்சுருதிப் பெட்டியை மூலையில் வைத்தால் இவை அனைத்தும் ஒருங்கே விழித்துக்கொள்ளும். அதனால் அனுபவமுள்ளோர் பெட்டியைத் தற்காலிகமாகக் கேட்பவரின் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு, அங்கே பெட்டியை மாற்றுகின்றனர். மூலமும் செவியும் இடம் மாறினாலும் அறை தரும் விடை மாறாது என்ற பழைய விதியின் பயன்பாடு இது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, கேட்பவரை மையமாக வைத்து முன்னிரு ஒலிபெருக்கிகளை இடவலமாக 30 பாகையிலும், சூழொலிப் பெட்டிகளை 100 முதல் 120 பாகையிலும் நிறுத்துகிறது. இதுவும் ஒரு வகுத்தலே. ஆனால் இவ்வட்டத்துக்கு மையம் ஒன்றே. முழுமையான இருக்கையும் ஒன்றே. பெரும்பாலான வீடுகளில் அதில் அமர்பவர் யார், பக்கவாட்டு நாற்காலியிலிருந்தும் சமையலறை வாசலிலிருந்தும் கேட்பவர் யார் என்பதை எந்த அளவுகோலும் குறிப்பதில்லை. மண்டபத்தின் கேள்வி இங்கே சிறிய வடிவில் திரும்புகிறது.

கடற்கரை நகரின் தட்பவெப்பம் மற்றொரு தரப்பு. இரு பருவமழைகளின் ஈரமும் உப்புக்காற்றும் ஒலிபெருக்கியை மெல்லத் தின்கின்றன. கூம்பின் விளிம்பில் உள்ள நுரைவளையம் ஈரத்தில் சிதைந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உதிரக்கூடும். இரப்பர் வளையம் நீண்டு நிற்கும். அழுத்திய மரத்தூள் பலகை ஈரம் ஏறினால் விளிம்பில் உப்பும். செப்புக் கம்பியின் முனையில் பச்சை பூத்தால் தொடர்பு தளரும். பெட்டியைத் தரையிலிருந்தும் ஈரச்சுவரிலிருந்தும் விலக்கி நிறுத்துதல், கம்பி முனைகளை அவ்வப்போது வெட்டிப் புதுப்பித்தல், மாதக்கணக்கில் மூடிவைக்காமல் இயக்குதல் ஆகியனவே பராமரிப்பின் அடிப்படை. மிருதங்கக் கலைஞர் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் தோலின் ஈரத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவதை அறிந்த ஊருக்கு இது புதிய ஒழுக்கமன்று. கருவி வாங்கிய நாளோடு முடிந்துவிடும் பொருள் என்ற எண்ணம்தான் புதியது.

இறுதியில் எஞ்சுவது சபைனின் சன்னல். அது திறந்திருந்தால் அறைக்குள் முழக்கம் குறைகிறது, வசனம் தெளிகிறது; ஆனால் அதே ஒலி அடுத்த வீட்டின் எல்லையைத் தொடுகிறது. இரவில் அங்கே அனுமதிக்கப்படுவது 45உடன் 5 சேர்ந்த 50 டெசிபல் மட்டுமே. அது மூடியிருந்தால் அண்டை வீடு உறங்குகிறது. அறை தன் முழக்கத்தைத் தானே செரிக்க வேண்டியிருக்கிறது. மெத்தையும் கம்பளமும் புத்தக அடுக்கும் இவ்விரண்டுக்கும் இடையிலான உடன்படிக்கையின் உறுப்புகள். விலையுயர்ந்த ஒலிபெருக்கியால் அந்த உடன்படிக்கையைத் தவிர்க்க இயலாது.

நவராத்திரி மண்டபம் ஒலியை அழகாக வகுத்தது. கேட்போரையும் பாடுவோரையும் வகுத்த முறையைத் திருத்த அதற்கு 2006 வரை ஆயிற்று. கோளாம்பி எல்லோருக்கும் வழங்கியது. மறுக்கும் உரிமையைச் சட்டம் வந்து மீட்க வேண்டியிருந்தது. வரவேற்பறை இவ்விரு பாடங்களையும் மரபுரிமையாகப் பெற்றிருக்கிறது. ஒலிபெருக்கி என்ற சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. அச்சொல் மறைத்துவைத்த கணக்கை நினைவில் கொண்டால் போதும்: ஓர் அறையில் எவ்வளவு ஒலி எழுகிறது என்பதோடு, அதில் யாருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.